கோரை என்று ஒரு செடி இல்லை

பத்தமடையில் பாய் நெய்வது கோரையில். நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டித் தருவது கோரைக்கிழங்கு. நடவு முடிந்த வயலில் பெண்கள் குனிந்து பிடுங்கி வரப்பில் எறிவதும் கோரைதான். ஏரிக்குள் ஆள் உயரத்துக்கு நின்று நீர்க்கோழிக்கு மறைவு தருகிற தட்டையைக் காட்டிக் கேட்டாலும், பாதிப் பேர் கோரை என்றுதான் சொல்வார்கள். இந்த நான்கும் நான்கு வேறு செடிகள். கடைசியில் சொன்னது பெரும்பாலும் கோரைக் குடும்பமே இல்லை, சம்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் பேச்சோடு நிற்பதில்லை. பாய்க்கு ஆகாத கோரையை நட்டுவிட்டு நஷ்டப்படுவது, களைக்கொல்லியை மாற்றி அடிப்பது, மருந்துக்கு வேறு கிழங்கை அரைப்பது, சதுப்புநிலத்தில் எந்தச் செடி பெருகுகிறது என்பதே தெரியாமல் அறிக்கை எழுதுவது என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் ஒருமுறை கோரை அறுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுத்துப் போட்ட கட்டுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக, அதே உயரத்தில், அதே பச்சையில் இன்னொரு கோரைக் கூட்டம் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். கட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மா இரண்டிலும் ஒவ்வொரு தண்டை ஒடித்து என் கையில் கொடுத்தார். "உருட்டிப் பாருங்க தம்பி. நம்மளுது விரல்ல மூணு பட்டையாத் தட்டுப்படும். அது உருண்டை. நகத்தால நீவுனா கணு கணுவா இடறும். காஞ்சா அந்த இடத்துலயே ஒடிஞ்சு போயிரும், பாவுல நிக்காது." நீவிப் பார்த்தேன். வெளியே வழவழப்பாகத் தெரிந்த தண்டுக்குள், அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சுவர்கள் நகத்தில் தட்டின. தாவரவியல் நூல்களில் சைபரஸ் ஆர்ட்டிகுலேட்டஸ் என்ற இனத்துக்கு முதல் அடையாளமாக எழுதியிருப்பது அந்தக் குறுக்குச் சுவரைத்தான். ஆர்ட்டிகுலேட்டஸ் என்றாலே கணுக்கணுவானது என்று பொருள். அந்த அம்மா லத்தீன் படித்ததில்லை. கையால் படித்திருந்தார்.

கோரைகளைப் பிரித்தறிவது அப்படித்தான், விரலில் தொடங்கி லென்ஸில் முடிகிற வேலை. கண் மட்டும் இருந்தால் போதாது. ரோஜாவையும் செம்பருத்தியையும் பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம். கோரைகளுக்குக் காட்டுவதற்குப் பூவிதழ் கிடையாது. பெரும்பாலும் காற்றில் மகரந்தம் பறந்து கருவுறும் செடிகள் அவை, வண்டை அழைக்க வேண்டிய தேவை இல்லை. நிறம், இதழ், மணம் என்று நாம் செடிகளைப் பிரிக்கப் பழகிய எதுவும் இங்கே உதவாது. தண்டின் வடிவம், இலையுறை, கதிரில் செதில்கள் அடுக்கிய முறை, கடைசியாகக் கடுகை விடச் சிறிய கொட்டை ஆகியவைதான் சாட்சி.

நீரோரத்தில் ஒல்லியாக, பச்சையாக, நெட்டையாக நிற்பவை பெரும்பாலும் நான்கு குடும்பங்களில் அடங்கும். புல், கோரை, ஜங்கஸ், சம்பு. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டை, உள்ளே குழல், இடையிடையே கணு. இலைகள் தண்டின் இரு பக்கமாக மாறி மாறி வரும். இலையுறை ஒரு பக்கம் பிளந்திருக்கும், இலையும் உறையும் சேரும் இடத்தில் நாக்குப் போல ஒரு சவ்வோ மயிர் வரிசையோ இருக்கும். கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணம், உள்ளே நெட்டி நிரம்பியது, கணு இல்லை. இலைகள் மூன்று வரிசையில் வரும். இலையுறை பிளக்காமல் தண்டைச் சட்டைக்கை போல முழுக்கச் சுற்றியிருக்கும். ஒரு தண்டை பிளேடால் குறுக்கே வெட்டி, அடியில் ஓர் இலையுறையை உரித்துப் பார்த்தால், புல்லா கோரையா என்ற கேள்வி அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். "கோரைப் புல்" என்று எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இரண்டும் தனித்தனிக் குடும்பங்கள். கோரைக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 5,500 இனங்கள் இருக்கின்றன. எகிப்தியர் எழுதிய பாப்பிரஸ் தாளும் ஒரு கோரையின் நெட்டிதான்.

ஜங்கஸ் நம் சமவெளியில் கண்ணில் படுவது அரிது. அதைப் பார்க்க நீலகிரிக்கோ பழனி மலைக்கோ ஏறி, சோலைக்காடுகளுக்கு இடையே ஈரம் தேங்கும் பள்ளங்களுக்குப் போக வேண்டும். தூரத்தில் கோரை போலவே நிற்கும். பூவை லென்ஸில் பார்த்தால் வேறு கதை. வைக்கோல் நிறத்தில் ஆறு சிறு இதழ்கள், குட்டி லில்லிப்பூ போல ஒழுங்காக விரிந்திருக்கும். கோரையில் ஒரு பூவுக்கு ஒரு கொட்டைதான். ஜங்கஸில் ஒரு பூ, தூள் தூளாகப் பல விதைகள் அடைத்த வெடிகாய் ஆகும். காய்ந்த கதிரை உள்ளங்கையில் தட்டுங்கள். தூள் கொட்டினால் ஜங்கஸ், கொட்டை உருண்டால் கோரை.

ஐரோப்பாவில் ஜங்கஸ் இனங்களைப் பிரிப்பது செடி பார்க்கப் பழகும் ஒவ்வொருவருக்கும் முதல் பாடம். ஈரப் புல்வெளிகளில் ஜங்கஸ் எஃபூசஸ், ஜங்கஸ் இன்ஃபிளெக்ஸஸ் என்ற இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். முதலாவது பளபளவென்ற பச்சை, தண்டு வழவழப்பு. இரண்டாவது சாம்பல் பூத்த நீலப் பச்சை, தண்டின் நெடுக மேடும் பள்ளமுமாகக் கோடுகள். சந்தேகம் தீர வேண்டுமானால் தண்டை நீளவாக்கில் பிளந்து பார்க்க வேண்டும். எஃபூசஸில் நெட்டி அடி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடும். இன்ஃபிளெக்ஸஸில் ஏணிப்படி போல விட்டு விட்டு இருக்கும். மின்விளக்கு வராத காலத்தில் இங்கிலாந்தின் ஏழை வீடுகளில் எஃபூசஸின் நெட்டியை உரித்துக் கொழுப்பில் தோய்த்து விளக்குத்திரியாக எரித்தார்கள். அறுபடாத நெட்டி இல்லாமல் திரி எரியாது. அவர்களும் பிரித்தறிந்தது தேவையால்தான். ஜப்பானியர் வீட்டுத் தரையில் விரிக்கும் தத்தாமிப் பாய் இதே எஃபூசஸின் ஒரு வகையில் நெய்வது.

இதில் இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. ஜங்கஸ் எஃபூசஸில் பூங்கொத்து தண்டின் நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் வெடித்துக் கிளம்பியது போலத் தெரியும். நம் ஏரிகளில் உள்ள ஸ்கீனோபிளெக்டஸ் வகைக் கோரைகளிலும் அதே தோற்றம்தான். பூங்கொத்து உண்மையில் நுனியில்தான் இருக்கிறது. அதன் அடியிலுள்ள ஒற்றை இலை, தண்டின் நேர்த் தொடர்ச்சி போல விறைத்து மேலே நீண்டுவிடுவதால் கண் ஏமாறுகிறது. இரண்டு வேறு குடும்பங்கள் ஒரே வேஷத்தைக் கட்டியிருக்கின்றன. நீர்நிலையில் வாழ்வதற்கு ஏற்ற உடம்பு ஒன்றுதான் போலும். சேற்றில் காற்று கிடைக்காது, அதனால் தண்டுக்குள் காற்றறைகள் வேண்டும். அலையும் காற்றும் அடிக்கும், அதனால் இலை குறைந்து தண்டே பச்சையாகிச் சோறாக்க வேண்டும். ஒரே தேவை வெவ்வேறு குடும்பங்களை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. நீர்நிலைச் செடிகளைப் பிரிப்பது இவ்வளவு கடினமாக இருப்பதற்கு வேர்க் காரணம் இது.

பாய்க்கோரைக்கு வருவோம். அதன் அறிவியல் பெயரே நம் கடற்கரையில் பிறந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கூனிக் 1768இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அவர் சேகரித்து அனுப்பிய செடிகளைக் கோபன்ஹேகனில் வைத்து ஆராய்ந்த டேனிஷ் அறிஞர் ரொட்போல் 1773இல் வெளியிட்ட நூலில் சைபரஸ் பங்கோரை என்ற பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரின் பின்பாதியில் நம் "கோரை" அப்படியே கேட்கிறது. பிறகு வந்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதே செடிக்குச் சைபரஸ் டெகெட்டம் என்று பெயர் வைத்தார். பாய்களுக்கு உரியது என்று அர்த்தம். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி என்பதால் இன்று நிற்பது பங்கோரை. மேற்கு வங்கத்தில் மேதினிபூர்ப் பகுதியின் மாதுர்காட்டிப் பாயும், கேரளத்தில் கிள்ளிமங்கலத்துப் பாயும், தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாயும் இந்த ஒரே கோரையில் நெய்பவை என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆனால் பத்தமடைப் பாயைப் பற்றிய பல கட்டுரைகளில் அந்தக் கோரையின் பெயர் சைபரஸ் கோரிம்போசஸ் என்று இருக்கும். அதுவும் ரொட்போல் பெயரிட்ட இனம், நெருங்கிய உறவு. இரண்டிலும் இலை பெரும்பாலும் குறைந்து வெறும் உறையாகி விடுவதால் இலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பூங்கொத்தின் அடியிலுள்ள இலைகள் கொத்தோடு ஒப்பிட எவ்வளவு நீளம், தண்டின் குறுக்கு வெட்டு எப்படி, சிறுகதிரின் செதில் எப்படி என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாய்க்கோரையைப் பூக்கும் வரை யாரும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் சிக்கல். பச்சையாக, தண்டு நெகிழ்வாக இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். அடையாளத்துக்கு வேண்டிய உறுப்பு முழுதாய் முதிரும் முன்பே செடி பாயாகிவிடுகிறது. ஒருவர் எழுதிய பெயரை அடுத்தவர் அப்படியே எடுத்து எழுதுவது இப்படித்தான் தொடர்கிறது. ஒரு பாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் காப்பாற்றும் நாடு, அந்தப் பாயின் மூலச்செடி எது என்பதற்கு வேரும் கிழங்கும் பூவும் கொட்டையுமாக ஒரு முழு மாதிரியை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்தமடைப் பாயின் நயம், நெய்பவரின் கைத்திறன் ஒரு பாதி என்றால், கோரையின் உடம்பு மறு பாதி. பச்சைத் தண்டைக் கிழித்து, நெட்டியை நீக்கி, காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துச் சாயம் தோய்க்கிறார்கள். கணு இல்லாத நீளமும் கிழித்தால் நேராகப் பிளக்கும் நாரும் இருப்பதால்தான் இழை நூல் போல மெலிகிறது. உப்பங்கழி ஓரங்களில் வளரும் சைபரஸ் மலாக்கென்சிஸ் என்ற கோரையிலும் பாய் நெய்யலாம், கிழக்காசியாவில் நெய்கிறார்கள். அதன் தண்டு கூர்மையான முக்கோணம், விளிம்பு விரலை உறுத்தும். பூங்கொத்தின் அடியில் மூன்று நீண்ட இலைகள் கொத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அலைநீர் ஏறி இறங்கும் சேற்றில் நின்றால், உருவத்தைப் பார்க்கும் முன்பே அதை முதலில் சந்தேகிக்கலாம். கோரைகளில் இடமும் ஒரு பாதி அடையாளம்.

நெல்வயலில் கதை வேறு. இங்கே கோரைகளை மூன்றாகப் பிரிக்கத் தெரிந்தால் உழவருக்குப் பாதிப் பணம் மிச்சம். சைபரஸ் டிஃபார்மிஸ் என்பதற்கு நம் பெயர் வட்டக்கோரை. பூங்கொத்தில் நுண்ணிய சிறுகதிர்கள் நெருக்கி உருண்டை உருண்டையாக இருக்கும். பெயர் வைத்தவர் கண்ணோட்டம் துல்லியம். சைபரஸ் இரியா ஊசிக்கோரை. அதன் கதிர் விரிந்து தளர்ந்திருக்கும், செதில்கள் மஞ்சள் பழுப்பு, ஒன்றையொன்று முழுக்க மூடாமல் இடைவெளி விட்டு அடுக்கியிருக்கும். இரண்டும் விதையால் மட்டும் பரவும் ஓராண்டுச் செடிகள், பிடுங்கினால் போய்விடும். மூன்றாவது சைபரஸ் ரொட்டண்டஸ். மேட்டு நிலத்துக்கும் காயும் வயலுக்கும் உரிய கிழங்குக் கோரை. பிடுங்கினால் தண்டு கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்து மறுநாள் முளைக்கும். 1977இல் வெளிவந்த, உலகின் கொடிய களைகளைப் பற்றிய பெயர்பெற்ற ஆங்கில நூல் முதலிடம் கொடுத்தது இதற்குத்தான். மூன்றையும் கோரை என்ற ஒரே சொல்லால் கடைக்காரரிடம் சொல்லி மருந்து வாங்கினால், பலன் குருட்டு அதிர்ஷ்டம். அதிலும் வட்டக்கோரை சல்ஃபோனைல்யூரியா வகைக் களைக்கொல்லிகளுக்கு மசியாத தலைமுறைகளை உலகின் பல நெல் நாடுகளில் உருவாக்கிவிட்டது. எது நிற்கிறது என்று பார்க்காமல் அதே மருந்தைத் திருப்பித் திருப்பி அடிப்பது அந்தச் செடிக்குச் செய்யும் உபகாரம்.

வயலில் சைபரஸோடு குழம்புவது ஃபிம்பிரிஸ்டைலிஸ் என்ற இன்னொரு கோரைப் பேரினம். இரண்டையும் பிரிப்பதற்கு லென்ஸ் அவசியம், ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. சைபரஸ் சிறுகதிரில் செதில்கள் இரண்டே வரிசையில், பின்னல் சடை போல, தட்டையாக அடுக்கியிருக்கும். ஃபிம்பிரிஸ்டைலிஸில் அவை சுற்றிச் சுற்றித் திருகி, சிறு கூம்பு போல இருக்கும். நெல்வயலில் மிகுதியாக நிற்கும் ஃபிம்பிரிஸ்டைலிஸில் அடி இலைகள் விசிறி போல ஒரே தளத்தில் விரிந்திருப்பது இன்னொரு தடயம். கொட்டை முதிர்ந்தால் அதன் தலையில் சூல்தண்டின் அடிப்பகுதி ஒட்டியிருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஃபிம்பிரிஸ்டைலிஸில் உதிர்ந்துவிடும். குளத்தில் ஒற்றைக் குச்சி நுனியில் ஒற்றைக் கதிராக நிற்கும் எலியோக்காரிஸில் அது தொப்பி போல உட்கார்ந்திருக்கும். கொட்டை இரு பக்கமும் புடைத்த பருப்பு போல இருந்தால் சூல்முடி இரண்டு, முக்கோணமாக இருந்தால் மூன்று. நூற்றுக்கணக்கான கோரைகளுக்கு இந்தக் கணக்குத்தான் சாவி.

கிழங்குக் கோரையிலும் இரட்டையர் உண்டு. முத்தக்காசு என்று சித்த மருத்துவம் சொல்வது சைபரஸ் ரொட்டண்டஸின் கிழங்கு. அதற்கு நெருங்கிய உறவான சைபரஸ் எஸ்குலெண்டஸ் சாப்பிடும் கிழங்கு, ஸ்பெயினின் வலென்சியாவில் அதை அரைத்துப் பால் போன்ற பானம் செய்கிறார்கள். மேலே பார்த்தால் முன்னதின் சிறுகதிர் செம்பழுப்பு, பின்னதின் சிறுகதிர் பொன் மஞ்சள். இலை நுனி முன்னதில் சட்டென்று குறுகும், பின்னதில் நீளமாக மெலிந்துகொண்டே போகும். தோண்டினால் சந்தேகமே இல்லை. முத்தக்காசின் கிழங்குகள் ஒரே கொடியில் மணி கோத்தது போல ஒன்றன் பின் ஒன்றாக வரும், தோல் கறுத்து, மென்றால் கசந்து, கற்பூரம் போல மணக்கும். எஸ்குலெண்டஸில் ஒவ்வொரு கொடியின் நுனியிலும் ஒரே ஒரு கிழங்கு, இனிப்பு. வடக்கே நாகர்மோத்தா என்று வாசனைத் தைலத்துக்கு விற்பது சைபரஸ் ஸ்காரியோசஸ் என்ற மூன்றாவது செடி. கடைப்பொட்டலத்தில் மூன்றும் கறுத்த உருண்டைதான். மருந்துக்கு வாங்குபவர்கள் பொடியாக வாங்காமல் முழுக் கிழங்காக வாங்கி, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்ப்பது நல்லது.

இனிச் சம்பு. சதுப்பு நிலங்களைப் பற்றிய பேச்சில் இன்று அதிகம் தவறுவது இங்கேதான். சம்பின் அடையாளம் சுலபம். பழுப்புநிறத்தில் பட்டுப்போன்ற உருளைக் கதிர், அதற்கு மேல் ஒல்லியாக ஆண் கதிர். சம்புக்குள் திரியும் கோழியைச் சம்பங்கோழி என்கிறோம். எந்தச் சம்பு என்பதுதான் கேள்வி. பழைய பட்டியல்களில் டைஃபா அங்குஸ்டாட்டா என்றும், டைஃபா அங்குஸ்டிஃபோலியா என்றும் மாறி மாறி எழுதியிருப்பார்கள். தமிழகச் சமவெளியில் பெரும்பாலும் நிற்பது டைஃபா டொமிங்கென்சிஸ். அங்குஸ்டாட்டா என்பது அதற்கே வைத்த பழைய பெயர், அங்குஸ்டிஃபோலியா வேறு இனம். இரண்டிலும் ஆண் கதிருக்கும் பெண் கதிருக்கும் நடுவே வெற்றுத் தண்டு தெரியும், அதனால் இடைவெளியை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. இலையின் அடிப்பகுதியை, உறைக்குச் சற்று மேலே உட்புறமாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டொமிங்கென்சிஸில் பழுப்பு நிறத்தில் வழவழப்புச் சுரப்பிப் புள்ளிகள் உறையைத் தாண்டி இலையிலும் ஏறியிருக்கும். மற்றதில் அவை உறையோடு நின்றுவிடும். பெண் கதிரின் மேற்பரப்பும் சாட்சி சொல்லும், முன்னது வெளிறிய இலவங்கப் பழுப்பு, பின்னது கரும்பழுப்பு. வட இந்திய ஆறுகளோரம் யானைச் சம்பு என்று சொல்லத்தக்க டைஃபா எலிஃபண்டினா இருக்கிறது. அதன் இலை உறைக்கு மேலே முக்கோணமாக இருப்பதால் தொட்டவுடன் தெரிந்துவிடும்.

இந்த நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு பதில் சொல்கிறது. அங்கே காலங்காலமாக நின்றது கிளேடியம் என்ற கோரை. அங்கும் அதைப் புல் என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள். கரும்பு வயல்களிலிருந்து வடிந்த பாஸ்பரஸ் ஏறியதும், அதே டைஃபா டொமிங்கென்சிஸ் கோரையை மூடி ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடித்துக்கொண்டது. கோரை குறைந்து சம்பு கூடுகிறது என்றால் நீரில் சத்து மிகுந்துவிட்டது, கழிவு கலக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அறிகுறி. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையிலும் நம் ஊர் ஏரிகளிலும் இரண்டையும் "நீர்த்தாவரம்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அந்த எச்சரிக்கை நம் காதில் விழவே விழாது.

நான்கு குடும்பங்களில் மிச்சமிருப்பது புல். நாணல், கொறுக்கை, வேழம் என்பவை அந்தக் குடும்பம். மழைக்காலம் முடியும்போது ஆற்றுமணலில் வெள்ளிப் பட்டுப் போலப் பூக்கும் நாணல், சக்காரம் ஸ்பொண்டேனியம். சேற்றில் மூங்கில் போலக் கணு வைத்து நிற்பது ஃபிராக்மைட்டிஸ். இந்த நாணலைக் கரும்பின் உறவு என்று சரியாக அடையாளம் கண்டதால்தான் கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வாளர்களான பார்பரும் வெங்கட்ராமனும் அதைக் கரும்போடு கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள். 1918இல் அது வயலுக்கு வந்தது. ஆற்றோரக் களை ஒன்று நாட்டின் சர்க்கரைத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது.

பெயர்க் குழப்பம் புதிதும் இல்லை. சங்க இலக்கியத்தில் பெண் பிள்ளைகள் பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து விளையாடுகிறார்கள். ஐங்குறுநூற்றின் மருதத்தில் வேழத்துக்கென்றே ஒரு பத்துப் பாடல்கள், வேழப்பத்து. ஆனால் அதே வேழம் யானையும் ஆகும். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் எருவைக்கு அகராதிகள் கோரை, கொறுக்கை, கழுகு எனப் பல பொருள் தருகின்றன. செருந்தி ஓரிடத்தில் மரம், ஓரிடத்தில் வாட்கோரை. பாட்டின் திணையையும் நிலத்தையும் பார்த்துத்தான் எந்தச் செருந்தி என்று உரைகாரர்கள் தீர்மானித்தார்கள். இடம் பாதி அடையாளம் என்று மேலே சொன்னதை அவர்கள் அன்றே கடைப்பிடித்திருக்கிறார்கள். பழம்பாடல்களின் ஒவ்வொரு செடிக்கும் இன்று ஒரு லத்தீன் பெயரைத் திட்டவட்டமாக ஒட்டிவிடும் அவசரம் எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் கொட்டை இல்லை, இலையுறை இல்லை, எந்த நீர் என்பது மட்டும் இருக்கிறது.

அறிவியல் பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் கோரைகளைத் தாவரவியலாளர் ஹூக்கரின் தாவர நூலுக்காக எழுதியவர் கிளார்க். பிறகு கேம்பிள் 1915இல் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல், 1980களில் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து பாதிரியார் மேத்யூ கொண்டுவந்த தமிழகக் கர்நாடகச் சமவெளித் தாவர நூல் என்று வரிசை நீள்கிறது. தமிழகக் கோரையை அடையாளம் காண இன்றும் கையில் இருக்க வேண்டியவை இவைதான். ஆனால் அவற்றில் தனிப் பேரினங்களாக இருந்த கைலிங்கா, பைக்ரியஸ் போன்றவற்றை மரபணு ஆய்வுக்குப் பின் சைபரஸுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். சைபரஸ் இன்று ஏறக்குறைய 950 இனங்கள் கொண்ட பெரிய பேரினம். புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறுகிறதே என்று சோர்ந்துவிட வேண்டாம். பெயர் மாறினாலும் செடியின் அடையாளம் மாறவில்லை. கைலிங்காவின் வெள்ளை உருண்டைத் தலை அன்றும் இன்றும் வெள்ளை உருண்டைத் தலைதான்.

மரபணுவைப் படித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் மூல மாதிரிக்குத் தவறான பெயர் எழுதியிருந்தால் மரபணுவும் அதே தவற்றைத்தான் திருப்பிச் சொல்லும். அடிப்படையில் ஒரு மனிதர் சேற்றில் இறங்கி, செடியைத் தோண்டி, கொட்டையை லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும். அந்த மனிதர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கோரையை நகத்தால் நீவிப் பார்க்கும் கைகளும், பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு, குறைந்துகொண்டுதான் வருகின்றன. இரண்டு பேரின் அறிவையும் ஒரே தாளில் எழுதி வைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, தை மாசியில் நீர் வடியும்போது, ஓரத்துக் கோரைகளின் கொட்டைகள் முதிர்ந்திருக்கும். உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு அப்போது ஒருமுறை போங்கள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றும் ஒரு பிளேடும் போதும். செடியை மேலே ஒடிக்காமல் கிழங்கோடு தோண்டுங்கள். தண்டைக் குறுக்கே வெட்டிப் படம் எடுங்கள், இலையுறையை, பூங்கொத்தின் அடி இலையை, உள்ளங்கையில் உதிர்த்த கொட்டையைப் படம் எடுங்கள். நீர் நல்லதா, உப்பா, சாக்கடை கலந்ததா என்று எழுதி வையுங்கள். அந்தச் செடியை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் மறக்காமல் அதே தாளில் எழுதுங்கள்.